கவனம் முதலில் எங்கே போகிறது?

ஒரே கல்யாணத்துக்குப் போய்வந்த இரண்டு பேரிடம் தனித்தனியாக "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் இப்படித் தொடங்குவார்: "ஏழரைக்கு முகூர்த்தம். நாங்க போய்ச் சேரும்போது மணி ஏழு இருபது. மண்டபம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். பொண்ணுக்கு மாம்பழக் கலர் பட்டு, பச்சை பார்டர். டிபனுக்கு அசோகா அல்வா வெச்சாங்க, பொங்கல்ல முந்திரி தாராளம்." மற்றவர் சொல்வது வேறு மாதிரி இருக்கும்: "ரெண்டு குடும்பமும் இனிமே பேசிக்கும்னு தோணுது. பெரியவர் முகமே மாறிப்போச்சு. அந்த நிலத் தகராறுகூட இதோட முடிஞ்சிடும், பாரு." புடவை என்ன நிறம் என்று இவரைக் கேட்டால், "ஏதோ மஞ்சள் மாதிரி" என்று இழுப்பார். இருவருக்கும் கண் சரி, காது சரி, நினைவாற்றலிலும் குறையில்லை. ஒருவர் நடந்ததை நடந்தபடி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மற்றவர் நடந்ததற்கு என்ன அர்த்தம், அது எங்கே போய் முடியும் என்பதைக் கொண்டுவந்தார்.

ஆளுமை உளவியலில் முதலாமவரைப் புலன்வகை என்றும் இரண்டாமவரை உள்ளுணர்வு வகை என்றும் பிரிக்கும் வழக்கம் நூறாண்டுப் பழையது. நிறுவனப் பயிற்சி வகுப்பிலோ கைபேசியில் வந்த தேர்விலோ நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெற்றவர்களுக்கு அவற்றில் இரண்டாவது எழுத்து இதைத்தான் குறிக்கிறது: எஸ் என்றால் புலன், என் என்றால் உள்ளுணர்வு. நான்கு எழுத்துகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்று நினைக்கிறேன். அந்தத் தவறுக்கு ஒரு விலையும் இருக்கிறது. "இவனுக்குக் கற்பனை கிடையாது" என்று ஒரு பிள்ளையைப் பற்றியும், "இவளுக்குப் பொறுப்பு கிடையாது" என்று இன்னொரு பிள்ளையைப் பற்றியும் முடிவு கட்ட இந்த எழுத்து சுலபமாக உதவிவிடுகிறது.

சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் மனநல மருத்துவராக இருந்த கார்ல் குஸ்தாவ் யுங் 1921-இல் 'உளவியல் வகைகள்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். ஃப்ராய்டும் ஆல்ஃப்ரெட் அட்லரும் ஒரே மாதிரியான நோயாளிகளைப் பார்த்துவிட்டு எப்படி இத்தனை வேறுபட்ட கொள்கைகளுக்குப் போனார்கள் என்ற கேள்வி அவரை நெடுநாள் குடைந்துகொண்டிருந்தது. 1913-இல் ஃப்ராய்டோடு அவருக்கே உறவு முறிந்திருந்ததால் அது சொந்தக் கேள்வியும்கூட. பார்க்கிறவரின் மனம் எப்படிப்பட்டதோ அதற்கேற்பவே காட்சியும் அமைகிறது என்ற விடைக்கு அவர் வந்தார். மனத்துக்கு நான்கு செயல்பாடுகளை வகுத்தார். சிந்தனையும் உணர்ச்சியும் முடிவெடுப்பவை. அந்த முடிவுகளுக்கு வேண்டிய சரக்கைக் கொண்டுவருபவை புலனுணர்வும் உள்ளுணர்வும். இங்கே ஒன்று இருக்கிறது என்று புலனுணர்வு சொல்கிறது. அது எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்று உள்ளுணர்வு சொல்கிறது. இரண்டும் எதிரெதிர் முனைகள் என்பதும், ஒன்று ஓங்கிய மனிதரிடம் மற்றது வளராமலே கிடக்கும் என்பதும் யுங்கின் உறுதியான கருத்து. பின்னால் வந்த அளவீடுகளோடு மோதியது இந்தக் கருத்துதான்.

கருத்து வினாத்தாளாக மாறியது அமெரிக்காவில், ஒரு குடும்பத்துக்குள். காதரின் குக் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் ஆகிய இருவருமே உளவியலை முறையாகப் படித்தவர்கள் இல்லை. இசபெல் திருமணம் செய்துகொண்ட கிளாரன்ஸ் மையர்ஸ் ஒரு வழக்கறிஞர். விவரக்காரர், காரியத்தில் கண்ணாக இருப்பவர். கற்பனையிலும் கருத்துகளிலும் திளைத்த அந்த வீட்டில் மருமகன் உலகத்தைப் பார்த்த விதம் மாமியாருக்குப் புதுமையாக இருந்தது. மனிதர்கள் ஏன் இப்படி வேறுபடுகிறார்கள் என்று அவர் படிக்கவும் குறிப்பெடுக்கவும் தொடங்கினார். 1923-இல் யுங்கின் நூல் ஆங்கிலத்தில் வந்ததும் அதையே தன் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போரின்போது எவருக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டறிய உதவலாம் என்ற எண்ணத்தில் இசபெல் வினாக்களை எழுத ஆரம்பித்தார். பிறகு 45 மருத்துவக் கல்லூரிகளில் 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் அதை நிரப்பி வாங்கினார். 1962-இல் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் நிறுவனம் அதை ஆய்வுக் கருவியாக வெளியிட்டது. மையர்ஸ்-பிரிக்ஸ் வகைகாட்டி என்று இன்று உலகம் முழுக்க அறியப்படுவது அதுதான்.

சரி, ஒருவர் எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாருக்கும் ஐம்புலன்கள் உண்டு, எல்லாரும் ஊகிக்கிறார்கள். எனவே யாரால் எது முடியும் என்று கேட்டுப் பயனில்லை. எந்தக் கட்டாயமும் இல்லாதபோது கவனம் முதலில் எங்கே போகிறது, எதில் நெடுநேரம் அலுக்காமல் தங்குகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. புலன்வகையினரின் பேச்சு நிகழ்ச்சி நடந்த வரிசையிலேயே போகும். பெயர், நேரம், விலை, அளவு எல்லாம் தானாக வந்து விழும். இடையில் யாராவது "சரி, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று குறுக்கிட்டால், "இரு, சொல்லி முடிச்சுக்கறேன்" என்பார்கள். உள்ளுணர்வு வகையினர் முடிவில் தொடங்கி, நடுவுக்குத் தாவி, அங்கே நினைவுக்கு வந்த வேறொன்றைத் தொட்டுவிட்டுத் திரும்புவார்கள். உவமை இல்லாமல் அவர்களுக்குப் பேச்சு நகராது. "போன தடவை இப்படிச் செஞ்சோம், சரியா வந்துது" என்பது ஒருவருக்கு வலுவான காரணம். மற்றவருக்கு அதுவே வேறு வழியைத் தேடத் தூண்டும் காரணம்.

எரிச்சல் எங்கே வருகிறது என்பதும் நல்ல தடயம். சமையல் குறிப்பில் 'தேவையான அளவு' என்று படித்ததும் "அது எத்தனை ஸ்பூன்னு எழுத மாட்டாங்களா?" என்று கேட்பவரையும், அதே குறிப்பில் பன்னிரண்டு படிகளை வரிசையாகச் செய்யச் சொன்னதும் ஐந்தாவது படியில் எதையோ மாற்றிப் போட்டுப் பார்ப்பவரையும் ஒரே சமையலறையில் பார்க்கலாம். மாதக் கணக்கை ஒருவர் சலிக்காமல் எழுதுவார். எதற்காக இந்தக் கணக்கு, வேறு வகையில் செலவை அமைத்தால் என்ன என்று மற்றவர் ஒரு மாலை முழுக்கப் பேசுவார். கணக்கு எழுதப்படாமல் கிடக்கும்.

ஆனால் இந்தத் தடயங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. தணிக்கையாளர் எண்களில் கவனமாக இருப்பது அவர் வாங்கிய பயிற்சி. அவர் ஞாயிற்றுக்கிழமை எதைப் பற்றி ஆர்வத்தோடு பேசுகிறார் என்பதுதான் அவரைக் காட்டும். நன்றாகப் படித்து, சொற்களைச் சரளமாகக் கையாளும் எவரும் உள்ளுணர்வு வகைபோலத் தோன்றுவார். கூச்சத்தால் சுருக்கமாகப் பேசும் பிள்ளை புலன்வகைபோலத் தோன்றும். நன்கு தெரிந்த துறையில் யாரும் பெரிய வடிவங்களில் பேசுவார்கள், தெரியாத துறையில் யாரும் விவரங்களைக் கேட்பார்கள். ஒரே ஒரு சந்திப்பை வைத்து முடிவுசெய்பவர் பெரும்பாலும் எதிரே இருப்பவரின் தொழிலையோ படிப்பையோதான் அளந்திருப்பார்.

'காட்டைப் பார்ப்பவர், மரத்தைப் பார்ப்பவர்' என்று இந்த வேறுபாட்டைக் கண்ணின் பழக்கமாகச் சொல்வதும் சரியில்லை. சின்னச் சின்ன 'ட' எழுத்துகளை அடுக்கி ஒரு பெரிய 'ப' வடிவத்தை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். இதே வகைப் படங்களை ஆங்கில எழுத்துகளில் அமைத்து 1977-இல் டேவிட் நேவன் சோதனை செய்தார். மக்கள் பொதுவாகப் பெரிய எழுத்தைத்தான் முதலில் பிடித்தார்கள். சின்ன எழுத்தைச் சொல்லச் சொன்னபோது பெரிய எழுத்து குறுக்கே வந்தது. பெரிய எழுத்தைச் சொல்லும்போது சின்னவை தொந்தரவு செய்யவில்லை. முழுமையை முதலில் பிடிப்பது மனிதப் பார்வையின் பொது இயல்பு. நாம் பேசிக்கொண்டிருக்கும் வேறுபாடு கண் பிடித்ததற்குப் பின்னால், ஆர்வம் எங்கே குடிகொள்கிறது என்பதில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. 'எனக்கு அப்போதே உள்ளுக்குள் பட்டது' என்று சொல்கிறோமே, அதையும் இந்த ஆளுமை வகையையும் ஒன்றாக்கிவிடுவது. அமெரிக்க உளவியலாளர் கேரி க்ளைன் தீயணைப்பு அதிகாரிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது ஒருவர் சொன்ன சம்பவத்தைப் பதிவுசெய்திருக்கிறார். ஒரு வீட்டின் பின்புறச் சமையலறையில் தீ. அந்த அதிகாரியின் குழு கூடத்தில் நின்று தண்ணீரைப் பீய்ச்சுகிறது, தீ அடங்கவில்லை. திடீரென்று அவருக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது. எல்லாரையும் வெளியே வரச் சொல்கிறார். அவர்கள் வெளியேறிய சற்று நேரத்தில், நின்றிருந்த தரையே இடிந்து விழுகிறது. தீ உண்மையில் அவர்கள் காலடியில், நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. தனக்கு ஏதோ அமானுஷ்ய சக்தி இருப்பதாகவே அவர் நம்பியிருந்தார். க்ளைன் நிதானமாகக் கேட்கக் கேட்க விவரம் வெளியே வந்தது. சமையலறைத் தீக்கு இருக்க வேண்டியதைவிடக் கூடம் சூடாக இருந்தது. அவ்வளவு சூட்டுக்கு வர வேண்டிய சத்தம் வரவில்லை. தண்ணீர் பட்டும் தீ தணியவில்லை. முகத்தில் பட்ட சூடு, காதில் விழாத சத்தம், பல ஆண்டு அனுபவம் எல்லாம் சேர்ந்து அவரை வெளியே தள்ளின.

அந்த அதிகாரியை யுங்கின் அட்டவணையில் வைத்தால் அவர் தலைசிறந்த புலன்வகையாகவும் இருக்கலாம். கொதிக்கும் குழம்பின் வாசனையை வைத்தே உப்பு குறைவு என்று சொல்லும் பாட்டியும் அப்படித்தான். அவருடையது பழகிப் பழகிக் கூர்மையேறிய மூக்கு. 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்துக் காட்டியதும் இதே பாதையில் செல்கிறது. உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த காய்நிலையைச் சில நொடி காட்டினால் வல்லுநர் அதை அப்படியே திரும்ப அடுக்கிவிடுவார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிடும். வல்லுநரின் 'சட்டென்று தோன்றுவது' அவர் துறைக்குள் சேர்த்துவைத்த அடையாளங்களிலிருந்து வருகிறது. ஆளுமை வகையில் சொல்லப்படும் உள்ளுணர்வோ துறை எதுவானாலும் கருத்துகள் மீதும், சாத்தியங்கள் மீதும், மறைபொருள் மீதும் இருக்கும் சாய்வு. சாய்வு இருப்பதாலேயே ஊகம் சரியாகிவிடாது. உள்ளுணர்வு வகை என்று தேர்வு சொல்லிவிட்டதை நம்பி, அனுபவம் இல்லாத துறையில் தோன்றியதைச் செய்யத் துணிவது ஆபத்தான பழக்கம்.

இனி அளவீட்டுக்கு வருவோம். மனிதர்கள் உண்மையிலேயே இரண்டு வகையாகப் பிரிந்திருந்தால், ஆயிரக்கணக்கானோரின் மதிப்பெண்களை வரைபடமாக்கும்போது இரண்டு மேடுகளும் நடுவே ஒரு பள்ளமும் தெரிய வேண்டும். கருவியை வெளியிட்ட நிறுவனத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஸ்ட்ரிக்கரும், அவரோடு ஜான் ராஸும் 1964-இல் வெளியிட்ட ஆய்வுகளில் அந்தப் பள்ளத்துக்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் இருந்தார்கள். ஊரில் உள்ளவர்களை ஐந்தடி ஐந்து அங்குலத்தில் ஒரு கோடு போட்டு நெட்டை, குட்டை என்று பிரித்தால் கோட்டுக்கு இருபுறமும் அரை அங்குல வித்தியாசத்தில் நிற்பவர்கள் வெவ்வேறு இனம் ஆகிவிடுவார்கள் அல்லவா, எழுத்து கொடுப்பதும் அப்படித்தான். அதனால்தான் சில வாரம் கழித்து மறுபடி தேர்வு எழுதினால் பலருக்கு எழுத்து மாறுகிறது. ஐந்து வார இடைவெளியில் பாதிப் பேர் வரை நான்கில் ஒரு எழுத்தையாவது மாற்றிப் பெறுகிறார்கள் என்று 1993-இல் டேவிட் பிட்டெஞ்சர் தொகுத்துச் சொன்னார். அவர்கள் குணம் மாறியதாகக் கொள்ள வேண்டியதில்லை. கோட்டருகே நின்றவர்கள் கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள்.

ஆனால் இதோடு எல்லாம் பொய் என்று கைகழுவுவதும் அவசரம். 1989-இல் ராபர்ட் மெக்ரேயும் பால் கோஸ்டாவும் 468 பேரிடம் இந்த வினாத்தாளையும், இன்று ஆளுமை ஆய்வில் பரவலாக ஏற்கப்பட்ட ஐந்து காரணி அளவையையும் ஒப்பிட்டார்கள். புலன்-உள்ளுணர்வு மதிப்பெண், 'திறந்த மனப்பாங்கு' என்ற காரணியோடு ஆண்களில் 0.72, பெண்களில் 0.69 என்ற அளவுக்கு ஒட்டிப் போனது. உளவியலில் இது மிக வலுவான தொடர்பு. அதாவது, பிரிக்ஸும் மையர்ஸும் வீட்டு மேசையில் உட்கார்ந்து துருவிய வேறுபாடு கற்பனை இல்லை. கற்பனை, அழகுணர்ச்சி, புதிய அனுபவம், கருத்து விளையாட்டு இவற்றில் ஒருவருக்கு எவ்வளவு ஈர்ப்பு என்ற சரிவில் நாம் எல்லாரும் ஏதோ ஓரிடத்தில் நிற்கிறோம். அந்த இடம் ஆண்டுக்கணக்கில் பெரிதாக நகர்வதில்லை. இரட்டையர் ஆய்வுகளின்படி அதில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருகிறது. விழுந்துபோனது பெட்டிகள்தான், சரிவு நிற்கிறது.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. அமெரிக்க மக்கள்தொகையைப் பிரதிபலிக்கும் மாதிரி ஒன்றில் புலன்வகை 73 சதவீதம், உள்ளுணர்வு வகை 27 சதவீதம் என்று மையர்ஸ்-பிரிக்ஸ் வகைகாட்டியின் 1998-ஆம் ஆண்டுக் கையேடு சொல்கிறது. நால்வரில் மூவரைக் குறிக்கும் அந்த வகைக்குப் பிரபலப் புத்தகங்களும் இணையத் தேர்வுகளும் தரும் வருணனையைப் படித்துப் பாருங்கள்: நம்பகமானவர், நடைமுறைவாதி, பழக்கத்தை மாற்றாதவர். மற்ற ஒருவருக்கு: தொலைநோக்கு, ஆழம், புதுமை. இதை எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் காரணம் ஓரளவு விளங்கும். 1959-இல் பி.பி.சி. தொலைக்காட்சி நேர்காணலில் யுங் தன்னிடம் சிந்தனையும் உள்ளுணர்வும் மிகுதி என்றும், நிஜ உலகோடு தன் உறவு அத்தனை சிறப்பாக இல்லை என்றும் சொன்னார். காதரினும் இசபெலும் தங்களை உள்ளுணர்வு வகையிலேயே வைத்துக்கொண்டார்கள். இசபெல் இரு பக்கத்தையும் மதிக்க உண்மையாக முயன்றார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நேரம் குறிக்கப்பட்ட தேர்வுகளில் புலன்வகை மாணவர்கள் ஒவ்வொரு கேள்வியையும் திரும்பப் படித்து உறுதிசெய்துகொள்வதால் பின்தங்குகிறார்கள் என்று கவனித்து எழுதியவர் அவர். அப்படியும் முகத்துதி ஒரு பக்கமே சாய்ந்துவிட்டது. முகத்துதி எவ்வளவு எளிதில் ஒட்டும் என்பதை பெர்ட்ரம் ஃபோரர் 1949-இல் காட்டினார். 39 மாணவர்களுக்கும் ஒரே வருணனையைத் தனித்தனியாக எழுதியதுபோலக் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் தந்த சராசரி, ஐந்துக்கு 4.26.

பெரிய கருத்துகள் உள்ளுணர்வு வகையினருக்கே வரும் என்று நினைப்பவர்கள் சார்லஸ் டார்வினின் 1846 முதல் 1854 வரையிலான ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். இயற்கைத் தேர்வுக் கருத்து அவருக்கு ஏற்கெனவே தோன்றியிருந்தது. 1844-இல் அதை ஒரு நீண்ட கட்டுரையாகவும் எழுதி வைத்திருந்தார். ஆனால் பல உயிரினங்களை நுணுகிப் பார்க்காதவர் இனங்களைப் பற்றிப் பேச உரிமை உடையவரா என்ற பொருளில் அவருடைய தாவரவியல் நண்பர் ஜோசப் ஹூக்கர் எழுதிய வரி அவர் மனத்தில் தைத்தது. பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசுகளை எடுத்துவைத்து, நுண்ணோக்கியின் கீழ் எட்டு ஆண்டுகள் அறுத்துப் பார்த்தார். பெரும்பாலான கொட்டலசுகளில் ஒரே உடலில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருக்கும். சில இனங்களில் பெரிய உடலின்மேல் ஒட்டுண்ணிபோல ஒட்டியிருந்த சிறு புள்ளிகளைக் கவனித்தார். அவை குடலும் வாயும் தேய்ந்து சிறுத்துப்போன ஆண்கள் என்று தெரிந்தது. ஒரே உடலில் இருந்த பால்கள் படிப்படியாகப் பிரிந்துவந்த வழி அவர் கண்முன் கிடந்தது. புள்ளியை அழுக்கென்று தட்டிவிடாத கண்ணும், அதில் ஒரு வரலாற்றைக் காணும் மனமும் ஒரே ஆளிடம், ஒரே மேசையில் வேலை செய்தன. ஒன்று வளர்ந்தால் மற்றது வளராது என்ற யுங்கின் விதி டார்வினுக்குப் பொருந்தாது.

வேலைக்கு ஆள் எடுக்க இந்தத் தேர்வைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது. அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் அமைத்த குழு 1991-இல் இன்னும் ஒரு படி மேலே போய், தொழில் ஆலோசனைக்கு இதைப் பயன்படுத்தவும் போதிய ஆய்வு ஆதாரம் இல்லை என்றது. வகுப்பறையில் நிலைமை கொஞ்சம் வேறு. 1988-இல் ரிச்சர்ட் ஃபெல்டரும் லிண்டா சில்வர்மனும் பொறியியல் மாணவர்களிடம் இந்தப் பிரிவினையைக் கொண்டுவந்தார்கள். மாணவரின் பாணிக்கேற்ப ஆளாளுக்கு வேறு பாடம் நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2008-இல் ஹரால்ட் பாஷ்லர் குழு கற்றல் பாணிகள் முழுவதையும் மதிப்பிட்டுச் சொன்னது. ஆனால் மாணவர்களைப் பிரித்து உட்கார வைப்பது ஃபெல்டரின் நோக்கமாகவே இருக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே பாடத்தில் இரண்டு பக்கமும் கிடைக்க வேண்டும் என்றுதான் அவர் திரும்பத் திரும்ப எழுதினார்.

உதாரணத்துக்கு, ஓமின் விதியை நடத்தும் ஆசிரியர் சூத்திரத்தைப் பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குவதுண்டு. அதற்குப் பதிலாக ஒரு மின்தடையம், சில பேட்டரிகள், ஒரு மீட்டர் ஆகியவற்றை மேசையில் வைக்கட்டும். பேட்டரிகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, அளவீடுகளை மாணவர்களே நோட்டில் இரண்டு பத்தியாக எழுதட்டும். அந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கும் உறவு என்ன என்று அதன் பிறகு கேட்கலாம். சூத்திரம் கிடைத்ததும் மின்தடையத்தை எடுத்துவிட்டு ஒரு டார்ச் பல்பை மாட்டி, இதே உறவு இங்கேயும் வருமா, இழை சூடாகச் சூடாக என்ன ஆகும் என்று ஊகிக்கச் சொல்லலாம். ஊகத்தை எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி மீட்டரைக் கையில் கொடுக்கலாம். தேர்வு வைக்கும்போது, கேள்வியை இரண்டு தடவை படிப்பவருக்கும் போதும்படியாக நேரம் கொடுக்கலாம்.